கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே

நிழற்படத்தைத் திருத்துதல் என்றால் முகத்தை வெளுப்பாக்குதல் என்றே நம் நாட்டில் பலரும் பொருள் கொள்கின்றனர். கண்டி நகரில் கணினி முன் அமர்ந்து ஒளிச்சாயல்களைச் சீர்செய்யும் கலையைப் பயின்றுவரும் நாம், அதனை மறுத்துச் சில கூற விரும்புகிறோம்.

ஹந்தானைத் தோட்டத்து மாணவி ஒருத்தி தன் அப்பாயி உள்ள படமொன்றை எம்மிடம் கொண்டுவந்தாள். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி குடும்பத்தில் பாதிப்பேர் இந்தியாவுக்குக் கப்பலேறுமுன், லயத்து வாசலில் யாவரும் சேர்ந்து நின்று எடுத்த ஒரே படம் அது. வெள்ளைச் சேலைகள் பளீரென்றிருந்தன. முகங்களோ இருளில் மூழ்கிக் கிடந்தன. நகரத்து ஸ்டூடியோ ஒன்று அம்முகங்களை வெளுப்பாக்கித் தருவதாகக் கூறியதாம்.

அவ்விருளுக்கு நண்பகல் வெயில் ஒரு காரணம். ஆனால் படக்கலையின் வரலாறே கரிய முகங்களுக்கு நியாயம் செய்ததில்லை. சார்ல்ஸ் ஸ்கோவன் கண்டியில் ஸ்டூடியோ நடத்திய 1870களில் வழங்கிய கொலோடியன் தகடுகள் நீல ஒளியையே பெரிதும் உணர்ந்தன. செம்மை கலந்த பழுப்புத் தோல் அவற்றில் உள்ளதினும் கறுத்தே விழுந்தது. பின்னாளில் கொடாக் நிறுவனம் வண்ணப் பிரதிகளை ஒப்புநோக்குவதற்கு அனுப்பிய ‘ஷேர்லி’ அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளையினப் பெண்ணின் உருவமே இருந்தது. பல இனத்தவரைக் கொண்ட அட்டை 1990களில்தான் வந்தது. அளவுகோலைச் செய்தவன் தன்னையே அளவாகக் கொண்டான்.

8 பிட் படத்தில் கணினி முழுக் கருமைக்கு 0 என்றும் முழு வெண்மைக்கு 255 என்றும் எண்ணிடுகிறது. எந்தச் சாயல் எவ்வளவு உண்டென்பதை ஹிஸ்டோகிராம் என்னும் வரைபடம் மலைத்தொடர் போலக் காட்டும். எம்மிடம் வந்த படத்தில் அம்மலைகள் இடப்புறம் நெருங்கி நின்றன. கருமையும் வெண்மையும் ஏற்கெனவே இரு முனைகளையும் தொட்டிருந்தமையால் ‘ஓட்டோ’ பொத்தானால் பயனில்லை. ஆகவே, சாயல்கள் சிதையாதிருக்க 16 பிட்டில் ஸ்கேன் செய்து, ‘லெவல்ஸ்’ பகுதியில் நடுப்புள்ளியை மட்டும் மெல்ல இடப்புறம் நகர்த்தினோம். இருளுக்குள் நெருங்கிக் கிடந்த சாயல்கள் ஒன்றைவிட்டொன்று விலகின. அப்பாயியின் மூக்குத்தி தெரிந்தது. நெற்றிச் சுருக்கங்கள் தெரிந்தன. கரிய முகம் கரிய முகமாகவே தெளிந்தது. சேலையின் மடிப்புகள் மாத்திரம் மீளவில்லை. 255ஐத் தொட்டுவிட்ட இடத்தில் மீட்பதற்கு எதுவும் எஞ்சுவதில்லை. படத்தின் உண்மையான இழப்பு, வெளிச்சம் மிகுந்த இடத்திலேதான் நேர்ந்திருந்தது.

“இதுதான் எங்க ஆத்தா” என்றார் மாணவியின் தந்தை.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்களின் இத்தகைய படங்கள் லயங்களின் தகரப் பெட்டிகளில் இன்னும் கிடக்கின்றன. ஆசிரிய நண்பர்களும் மாணவரும் அவற்றைத் தேடிப் பிரதி எடுத்தல் வேண்டும். மூலத்தைத் தொடாது பிரதியிலேயே திருத்துங்கள். படத்தில் நிற்போரின் பெயர்களைக் கேட்டு எழுதிவையுங்கள். அப்பெயர்களை அறிந்தோர் இன்று முதியவர்கள்.