ஏழு நாற்பது

அது முதன்முறை வந்தபோது எனக்கு 19 வயது. அருப்புக்கோட்டையிலிருந்து மதுரைக்குக் கல்லூரிக்குப் போகும் பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். யாரோ சுவிட்சைத் தட்டியதுபோல நெஞ்சு ஓட ஆரம்பித்தது. கழுத்துக்குழியில் படபடவென்று அடித்தது, கண் இருட்டியது. 20 நிமிடம் கழித்து, எப்படி வந்ததோ அப்படியே சட்டென்று நின்றுவிட்டது. இறங்கி வகுப்புக்குப் போய்விட்டேன்.

அதன்பிறகு 22 வருடம் அது என்னோடு இருந்தது. மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை வரும், பெரும்பாலும் தீட்டுக்கு முந்தைய வாரத்தில். மருத்துவரிடம் போய்ச் சேர்வதற்குள் நின்றுவிடும். ஈசிஜி எடுப்பார்கள், எல்லாம் சரியாக இருக்கும். "ரொம்ப யோசிக்காதீங்கம்மா" என்பார்கள். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றார் ஒருவர். ஆனது. குழந்தை பிறந்தால் சரியாகிவிடும் என்றார் இன்னொருவர். பிறந்தது. அம்மா ஒரு கயிறு மந்திரித்துக் கட்டினாள். மாமியார், "படிச்ச பிள்ளைகளுக்கு வர்ற சீக்கு" என்றார். கடைசியாக ஒரு மருத்துவர் பதட்டத்துக்கு மாத்திரை எழுதித் தந்தார். அதைப் போட்டுக்கொண்டு இரண்டு வருடம் வகுப்பில் தூங்கி வழிந்தேன். வீட்டில் எனக்குப் 'படபடப்புக்காரி' என்று பேரே விழுந்துவிட்டது.

41 வயதில், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் மேற்பார்வையாளராக நின்றுகொண்டிருந்தபோது வந்தது. இந்தத் தடவை நிற்கவில்லை. உடன் வேலை பார்த்த டீச்சர் ஒருத்தி ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். அங்கிருந்த நர்ஸ் ஒரு கேள்வியும் கேட்காமல் முதலில் ஈசிஜியை மாட்டினார். நிமிடத்துக்கு 192 துடிப்பு. 22 வருடத்தில் முதல்முறையாக அது காகிதத்தில் விழுந்தது.

இதயத்தின் மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் நடுவே மின்சாரத்தைக் கடத்தும் முடிச்சு ஒன்று இருக்கிறது. சிலருக்கு அதில் ஒரு பாதைக்குப் பதிலாக இரண்டு பாதைகள், ஒன்று வேகமானது, ஒன்று மெதுவானது. சில நேரம் மின்சாரம் ஒன்றில் இறங்கி மற்றதில் ஏறி வட்டமாகச் சுற்ற ஆரம்பித்துவிடும். செக்குமாடு சுற்றுவதுபோல. அந்த வட்டம் அறுந்தால்தான் இதயம் இயல்புக்குத் திரும்பும். இந்தக் கோளாறு ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகம்.

பிறகு தேடிப் படித்தேன். 1997இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு, இந்த வகை வேகத்துடிப்பு உள்ள 107 பேரைப் பார்த்தது. முதல் பரிசோதனையில் பாதிப்பேருக்கும் மேல் நோய் கண்டுபிடிக்கப்படவில்லை. அப்படித் தவறவிடப்பட்டவர்களில், 'பதட்டம், மன அழுத்தம்' என்று சொல்லி அனுப்பப்பட்ட பெண்கள் 65 விழுக்காடு, ஆண்கள் 32 விழுக்காடு. அதைப் படித்த அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

அப்லேஷன் என்றார்கள். வலது தொடை இடுக்கில் உள்ள சிரை வழியாக மெல்லிய கம்பிகளை இதயம்வரை ஏற்றி, அந்த மெதுவான பாதையை மட்டும் ரேடியோ அலைச் சூட்டால் சுட்டுவிடுவது. அந்த இடத்துக்கு மட்டும் மரத்துப்போக ஊசி போட்டார்கள், எனக்கு நினைவு இருந்தது. சுடுவதற்கு முன்னால் நோயை வரவழைத்துப் பார்க்க வேண்டும். கம்பி வழியாக இதயத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். சட்டென்று அது வந்தது. அதே ஓட்டம், அதே கழுத்துத் துடிப்பு. "உங்களுக்கு வர்றது இதுதானாம்மா?" என்று மருத்துவர் கேட்டார்.

"இதுதான்" என்றேன். அழுகை வந்துவிட்டது. வலிக்கிறதா என்று நர்ஸ் பதறினார். வலியில்லை. அத்தனை வருடத்தில் எனக்குள் நடப்பதை இன்னொருவர் திரையில் பார்த்துவிட்டு, சரிதானா என்று என்னிடம் கேட்டது அன்றுதான்.

பின்விளைவுகள் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். இரத்தக்கட்டு வரலாம், அரிதாகப் பேஸ்மேக்கர் வைக்க நேரலாம் என்றெல்லாம் அதில் இருந்தது. எனக்கு வந்தவற்றில் பாதி அந்தத் தாளில் இல்லை.

முதலாவது, காயத்தைக் காட்ட முடியாதது. இடுக்கிலிருந்து முழங்கால்வரை கன்றிப்போய், கறுப்பாகி, பச்சையாகி, மஞ்சளாகிக் கரைய மூன்று வாரமானது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் என் நெஞ்சைப் பார்த்தார்கள். "எங்க கீறினாங்க?" என்று சித்தப்பா கேட்டார். ஆண்கள் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் தொடை இடுக்கு என்று எப்படிச் சொல்வது? "உள்ளே" என்றேன். தையல் இல்லை, கட்டு இல்லை என்றதும் வந்தவர்களுக்கு ஆபரேஷன்மீதே நம்பிக்கை போய்விட்டது. ஒரு வாரம் கனம் தூக்கக்கூடாது, குந்தி உட்காரக்கூடாது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். நான்காம் நாள் மாமியார், "ஊசி ஓட்டைதானே தாயி" என்று கிரைண்டரைப் பார்த்தார். மாவு ஆட்டினேன். கல்லைத் தூக்கும்போது இடுக்கில் சுரீரென்றது. நான் முடியாது என்று சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது, இதயம் ஆளே மாறியதுபோல இருந்தது. முன்பு சும்மா இருக்கும்போது 72 ஆக இருந்த துடிப்பு இப்போது 88. நடுநடுவே படி தவறியதுபோல ஒரு துடிப்பு விழும். சுட்ட இடம் ஆறும்வரை சில வாரமோ சில மாதமோ இப்படித்தான் இருக்கும், பயப்பட வேண்டாம் என்றார்கள். அப்படியே குறைந்தும் வந்தது.

மூன்றாவதுதான் நான் எதிர்பார்க்காதது. மூன்று மாதம் கழித்தும் சாயங்காலங்களில் நெஞ்சு வேகமாக அடித்தது. சிகிச்சை தோற்றுவிட்டது என்றே நினைத்தேன். திரும்பவும் போனேன். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியைக் கட்டி, ஒரு நாள் முழுக்கப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். ஹோல்டர் என்று பேர். கூடவே ஒரு தாள்: எத்தனை மணிக்கு என்ன செய்தீர்கள், என்ன தோன்றியது என்று எழுத வேண்டும். வகுப்பு, மாடிப்படி, காய்கறிக்கடை என்று எல்லாம் எழுதினேன்.

மறுநாள் அந்த இளம் பெண் மருத்துவர் படங்களைப் புரட்டினார். "பழசு ஒரு தடவைகூட வரல. சுத்தமாப் போயிடுச்சு" என்றார். "ஆனா இங்க 118 வரைக்கும் போயிருக்கு. இது இதயம் தானா இயல்பா வேகமாகுறது. பழசு மாதிரி சுவிட்ச் தட்டினாப்ல வரல, கொஞ்சங் கொஞ்சமா ஏறி, கொஞ்சங் கொஞ்சமா இறங்குது. ஏழு நாற்பதுக்கு என்ன பண்ணிட்டிருந்தீங்க? தாள்ல ஒண்ணும் எழுதலையே."

"சப்பாத்தி தேய்ச்சிட்டிருந்தேன்."

"சப்பாத்தி தேய்ச்சா இவ்வளவு ஏறாதே டீச்சர்."

ஏழு நாற்பதுக்கு வாசலில் அவருடைய பைக் வந்து நிற்கும். ஸ்டாண்டு போடும் சத்தத்திலேயே அன்றைய மனநிலை எனக்குத் தெரிந்துவிடும். அவர் என்னை அடித்ததில்லை. யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதுதான், ஏதோ சான்றிதழ்போல. தட்டு பறக்கும். நாள்கணக்கில் பேச்சு நின்றுபோகும். மகள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விடுவாள். நான் குரலைத் தாழ்த்திக்கொள்வேன். 17 வருடமாக இதைச் செய்து செய்து, செய்கிறேன் என்பதே மறந்துவிட்டது. நெஞ்சு அடித்தால், "எனக்குத்தான் அந்த நோய் இருக்கே" என்று என்னிடமே சொல்லிக்கொள்ள முடிந்தது. நோயைச் சுட்டுவிட்டார்கள். அதன் மறைவில் இருந்தது இப்போது தனியாக நிற்கிறது.

இதை எழுதலாமா என்று வெகுநாள் தயங்கினேன். 'பார்த்தாயா, பதட்டம்தான் என்று அன்றைக்கே சொன்னோமே' என்று அவர்கள் எல்லோரும் சேர்ந்து சொல்வதுபோல இருந்தது. யோசித்துப் பார்த்தால் அவர்கள் சொன்னது இரண்டு விதத்தில் தப்பு. இதயத்தில் இருந்ததை மனதில் இருப்பதாகச் சொன்னார்கள். மனதில் இருந்ததற்கும் காரணம் கேட்கவில்லை. பதட்டம் என்ற சொல்லோடு விசாரணை முடிந்துவிட்டது. எதைக் கண்டு பதட்டம் என்று 22 வருடத்தில் ஒருவராவது கேட்டிருக்க வேண்டாமா? அந்த மருத்துவர் கேட்டார். அவர் கேட்டதும் மணியைப் பற்றித்தான். அதுவே போதுமானதாக இருந்தது.

படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து அவரிடம் காட்டினேன். சண்டைக்காக இல்லை. ஒரு மேடு ஏறி இறங்கும் கோட்டில் விரலை வைத்து, "நீங்க வர்ற நேரம் இது" என்றேன். "டாக்டருக்கு வேற வேலை இல்லை" என்றார். இரண்டு நாள் அமைதியாக இருந்தார். மூன்றாம் நாள் தட்டு பறந்தது.

அவர் மாறியதாக எழுதினால் அது பொய். நான் செய்தது சின்னது. அன்றைக்கு ஆட்டோ பிடித்த அந்த டீச்சரும் நானும் தினமும் ஏழிலிருந்து எட்டுவரை பள்ளி மைதானத்தில் நடக்கிறோம். மகளும் சில நாள் வருவாள். மருத்துவர் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்று மாமியாரிடம் சொல்லியிருக்கிறேன், அது உண்மையும்கூட. மாவைப் பிசைந்து வைத்துவிட்டுப் போகிறேன். முதல் வாரம் சப்பாத்தி தேய்க்க ஆளில்லை என்று பெரிய கூச்சல். பிறகு மாமியார் தேய்த்தார். ஒருநாள் அவரே தேய்த்ததாக மகள் வந்து சொன்னாள். இது போதாது என்று எனக்குத் தெரியும். அடுத்து என்ன என்று அந்த டீச்சரிடம் பேசத் தொடங்கியிருக்கிறேன். வெளியே ஒருவரிடம் இதைச் சொல்வதே எனக்குப் புதிது.

படிக்கிற பெண்களுக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். நெஞ்சு சட்டென்று ஓடிச் சட்டென்று நின்றால், ஓடிக்கொண்டிருக்கும்போதே ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள், நின்றபிறகு எடுத்த தாளை வைத்து உங்களைத் திருப்பியனுப்ப விடாதீர்கள். இன்னொன்று, மெதுவாக ஏறி மெதுவாக இறங்கினால் மணியைப் பார்த்து எழுதி வையுங்கள். எழுதவேண்டிய கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். நான் விட்டிருந்தேன்.

நேற்று மைதானத்தில் நடந்துகொண்டிருக்கும்போது கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு நாற்பது. கழுத்தில் விரல் வைத்து எண்ணினேன். வேகமாக நடந்ததால் 104 இருந்தது.