நகையை அடகு வைக்கும் முன் சிவப்பு எழுத்தைப் படிங்க!

கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைகள் இருக்கும் வீட்டில், கடைசி செமஸ்டர் வந்தாலே இந்தத் தலைவலியும் வந்துவிடும். பைத்தானில் புராகிராம் ரெடி. மைஎஸ்க்யூஎல்லில் டேட்டாவும் ரெடி. இரண்டையும் பேச வைக்கும் டிரைவர் மட்டும் இன்ஸ்டால் ஆகாது. திரை முழுக்கச் சிவப்பு எழுத்து!

திருமங்கலத்தில் என் சித்தி மகளுக்கும் இதேதான். ரிவ்யூவுக்கு மூன்று நாள் இருக்கும்போது லேப்டாப்பை ஒரு கடைக்குத் தூக்கிப்போக, "பழைய மாடல், இனி தாங்காது" என்று அனுப்பிவிட்டார்கள். சித்தப்பா போன் போட்டார். "ஆத்தா, புதுசு எவ்வளவு வரும்? சித்தி செயினை வச்சுரலாம்னு இருக்கோம்."

முதலில் அந்தச் சிவப்பு எழுத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அத்தனை வரியில் முக்கியமானது ஒன்றுதான்: 'மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி பிளஸ் பிளஸ் 14.0 தேவை.' லேப்டாப்புக்கு ஒரு கோளாறும் இல்லை.

இட்லி மாவு கணக்குதான் இது. 'பிப் இன்ஸ்டால்' என்று அடித்தால், முதலில் அரைத்து வைத்த மாவு பாக்கெட் இருக்கிறதா என்று பார்க்கும். அதற்கு 'வீல்' என்று பெயர். நம் பைத்தான் பதிப்புக்கு பாக்கெட் இல்லையென்றால், அரிசி உளுந்தைக் கொட்டி வீட்டிலேயே அரைக்கப் பார்க்கும். கிரைண்டர் வேண்டுமே? அதுதான் சி கம்பைலர். அவள் போட்டிருந்தது அப்போதுதான் வெளியான புத்தம்புது பைத்தான். அதற்கு 'மைஎஸ்க்யூஎல் கிளையன்ட்' பாக்கெட் இன்னும் வரவில்லை.

முந்தைய பைத்தான் பதிப்பைப் போட்டு, புதிதாக ஒரு விர்ச்சுவல் என்விரான்மென்ட் திறந்து, அதே கட்டளையை அடித்தாள். ஏறிவிட்டது. செலவு மொபைல் டேட்டா மட்டும். அதற்கும் மசியாவிட்டால் 'பைமைஎஸ்க்யூஎல்' இருக்கிறது. முழுக்க பைத்தானிலேயே எழுதியது என்பதால் அரைக்கிற வேலையே கிடையாது.

(மைஎஸ்க்யூஎல்லில் வரும் 'மை', அதை உருவாக்கியவர்களில் ஒருவரான பின்லாந்துக்காரர் மைக்கேல் விடேனியஸின் மகள் பெயர். சித்தப்பாவுக்கு இந்தத் தகவல் ரொம்பப் பிடித்துப்போனது.)

அடுத்து இன்னொரு சிக்கல். அவள் புராஜெக்ட், மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டின் தினசரி விலைப் பட்டியல். 'மதுரை மல்லி' என்று தமிழில் அடித்தால் டேபிள் வாங்க மாட்டேன் என்றது. காரணம், பழைய மைஎஸ்க்யூஎல். அதன் எழுத்துமுறை 'லத்தீன்1'. யுடிஎஃப்-8 முறையில் 'மதுரை' என்ற சொல்லுக்கே 15 பைட் வேண்டும். 2018இல் வந்த 8.0 பதிப்பிலிருந்து 'யுடிஎஃப்8எம்பி4' தானாகவே இருக்கும். பழையதில் நாம்தான் சொல்ல வேண்டும், டேபிளிலும் பைத்தான் கனெக்‌ஷனிலும். சொன்னதும் மல்லி, பிச்சி, கனகாம்பரம் எல்லாம் வரிசையாக உட்கார்ந்தன.

ரிவ்யூவில் மேடம் கேட்ட முதல் கேள்வி: "இன்னைக்கு மல்லி கிலோ என்ன விலைம்மா?"