டேலி ஆச்சா?

நான் பி.காம். படித்தவன். நீங்கள் கேட்காமலேயே இதைச் சொல்லிக்கொள்ளக் காரணம் இருக்கிறது. அடுத்த சில பத்திகளில் நான் செய்யப்போகிற தப்பு, ஒரு பி.காம். பட்டதாரி செய்யவே கூடாத தப்பு.

நீங்கள் கம்ப்யூட்டர் மாற்றியிருக்கிறீர்களா? வீடு மாற்றுவதைவிட மோசம் அது. வீடு மாற்றினால் குக்கர் வெயிட்டோ, கொடிக்கயிறோ காணாமல் போகும். அன்றைக்கே தெரிந்துவிடும், கடைக்குப் போய் வாங்கிவிடலாம். கம்ப்யூட்டரில் என்ன காணாமல் போனது என்பதே ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும். கடையிலும் கிடைக்காது.

எனக்கு இந்த விஷயத்தில் ராசி எப்போதுமே சரியில்லை. 2000-ம் வருஷம், காலேஜ் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். நாமக்கல்லில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ‘ரோட் ராஷ்’ பைக் ரேஸ் விளையாடுவதற்காகவே டேலி கிளாஸ் சேர்ந்திருந்தேன். ஒரு நாள், ஸ்கிரீனில் இருந்த ரோட் ராஷ் படத்தை அப்படியே ஃபிளாப்பியில் காப்பி செய்து, ராஜா மாதிரி நண்பன் வீட்டுக்கு எடுத்துப் போனேன். மொத்தமே 1.44 எம்.பி. பிடிக்கிற ஃபிளாப்பியில் இவ்வளவு பெரிய விளையாட்டு எப்படி அடங்கியது என்று யோசிக்கவில்லை பாருங்கள்! நண்பன் வீட்டில் கிளிக் செய்தால், ஒரு டார்ச் லைட் தோன்றி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்து எதையோ தேடியது. தேடித் தேடிக் கடைசியில் கையை விரித்துவிட்டது. நான் எடுத்துப் போனது விளையாட்டு அல்ல, ‘ஷார்ட்கட்’. அதாவது, வீட்டைத் தூக்கி வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, விலாசம் எழுதிய துண்டுச் சீட்டைத் தூக்கி வந்திருக்கிறேன்.

அது சிரித்துவிட்டுப் போகிற தப்பு. அடுத்தது அப்படியல்ல.

அதற்கு முன்னால் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் 31 வருஷம் கணக்கு எழுதியவர். மார்ச் 31 வந்தால் வீட்டில் யாரும் அவரிடம் பேச மாட்டோம். ஒவ்வொரு கணக்கின் கடைசி வரியிலும் ‘இருப்பு கீ/இ’ என்று எழுதி முடிப்பார். புது நோட்டின் முதல் வரியில் ‘இருப்பு கீ/கொ’ என்று அதே தொகையை எழுதித் தொடங்குவார். கீழ் இறக்கியது, கீழ் கொண்டுவந்தது. பழைய வருஷத்தின் கடைசி வரிதான் புது வருஷத்தின் முதல் வரி. பிளஸ் ஒன்னில் காமர்ஸ் வாத்தியார் இதை நடத்தியபோது எனக்கு மட்டும் அது பாடமாகவே தெரியவில்லை. எங்கள் வீட்டுச் சமாசாரமாகத் தெரிந்தது.

அப்பாவிடம் ஒரு சட்டம் உண்டு. புது நோட்டின் முதல் பக்கத்தைக் கூட்டிப் பார்த்து, பழைய நோட்டோடு டேலி ஆகிற வரைக்கும் பழைய நோட்டு மேஜையை விட்டு நகரக் கூடாது. டேலி ஆன பிறகுதான் அட்டாலிக்கு ஏறும். (எங்கள் பக்கத்தில் பரணுக்கு அட்டாலி என்று பெயர்.)

2005-ல் நாமக்கல் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன். விண்டோஸ் எக்ஸ்.பி. கொஞ்ச நாளில் எனக்குச் சேலத்தில் பத்திரிகை வேலை. கம்ப்யூட்டர் அப்பாவிடமே தங்கிவிட்டது. ரிட்டயர் ஆன மனுஷன் என்ன செய்வார்? முதலில் அதற்குத் துணி போர்த்தி வைத்தார். பிறகு துணியை எடுத்துத் துடைத்தார். பிறகு ஒரு நாள், அதற்குள் பின்பால் இருப்பதைக் கண்டுபிடித்தார்.

நினைவிருக்கிறதா அந்த விளையாட்டு? எக்ஸ்.பி.யோடு இலவசமாக வருமே, ‘ஸ்பேஸ் கேடட்’. ஒரு குண்டு மேலே போய் முட்டி மோதிக் கீழே விழும். இசட் பட்டனைத் தட்டினால் இடது மட்டை, சாய்கோடு போட்ட பட்டனைத் தட்டினால் வலது மட்டை. குண்டு கீழே விழாமல் தட்டித் தட்டி மேலே அனுப்ப வேண்டும். லாரி கணக்கு எழுதிய விரல்கள் அதில் அப்படி ஒரு வேகம்! லீவுக்குப் போகிற என் மகன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ‘அப்பாரு, அடிங்க... அடிங்க’ என்று கத்துவான். அப்பாவின் அப்பா, கொங்குப் பக்கத்தில் அப்பாரு.

2012-ம் வருஷம் நம் மாவட்டங்களில் கரண்ட் என்ன பாடு படுத்தியது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்த நேரத்தைவிட இல்லாத நேரம்தான் அதிகம். அந்த வருஷம் பூஜை லீவில் ஒரு நாள் சாயங்காலம், கரண்ட் போய் யு.பி.எஸ். ‘கீ... கீ...’ என்று கத்திக்கொண்டிருக்க, அப்பா குண்டைக் கீழே விடவே இல்லை. 42,17,750. ஆட்டம் முடிந்ததும் தன் பெயரை ஒற்றை விரலால் அடித்து, விளையாட்டை ஒழுங்காக மூடி, கம்ப்யூட்டரையும் ஒழுங்காக அணைத்தார். அதற்கப்புறம்தான் யு.பி.எஸ். உயிரை விட்டது. பட்டியலில் முதல் வரி அப்பாவுடையது. அதை யாரும் தாண்டவில்லை.

அடுத்த வருஷம் அப்பாவுக்கு லேசாகப் பக்கவாதம் வந்தது. பிழைத்துக்கொண்டார். நடக்கிறார், சாப்பிடுகிறார், கோணல்மாணலாகக் கையெழுத்துப் போடுகிறார். வலது கையில் மட்டும் பழைய வேகம் திரும்பவில்லை. வலது மட்டை எழும்புவதற்குள் குண்டு போய்விடும். இரண்டு மூன்று தடவை முயன்று பார்த்துவிட்டு, ‘சரி, போதும்’ என்று துணியைப் போர்த்திவிட்டார்.

2014 ஏப்ரல் 8-ம் தேதியோடு எக்ஸ்.பி.க்கு ஆதரவை நிறுத்திக்கொண்டது மைக்ரோசாஃப்ட். நாமக்கல் வீட்டுக்குப் புதுசு வாங்கினேன். விண்டோஸ் 7. அதில் பின்பால் கிடையாது. காரணம் சுவாரஸ்யமானது. அந்த விளையாட்டு முதலில் விண்டோஸ் 95 காலத்தில் வந்தது. பிற்பாடு அதை 64 பிட் கம்ப்யூட்டர்களுக்காக மாற்றி எழுதப் பார்த்தபோது, குண்டு எதிலும் மோதாமல் பேய் மாதிரி எல்லாவற்றையும் ஊடுருவிப் போனதாம். பழைய நிரலில் விளக்கக் குறிப்பே இல்லாததால் எங்கே தப்பு என்று பிடிபடவில்லை; தூக்கிவிட்டோம் என்று ரேமண்ட் சென் என்கிற மைக்ரோசாஃப்ட் இன்ஜினீயர் 2012-ல் எழுதினார். ஆனால், எக்ஸ்.பி.யிலிருந்து பின்பால் ஃபோல்டரை அப்படியே காப்பி செய்து போட்டால் விண்டோஸ் 7-ல் ஓடும்.

செய்தேன். இந்த முறை ஷார்ட்கட் அல்ல, முழு ஃபோல்டர். கூடவே என் சேமிப்புகளையும் பென் டிரைவில் போட்டுக்கொண்டேன். பழைய பெட்டியைச் சேலத்தில் ஒரு கடையில் எக்ஸ்சேஞ்சில் தள்ளினேன். 1,500 ரூபாய் கழித்தார்கள். வெற்றி!

கோடை லீவுக்கு வந்த மகன் பின்பாலைத் திறந்தான். சத்தம் அதே. குண்டு அதே. ஸ்கோர் பட்டியலைத் திறந்தான். ஐந்து வரியும் காலி.

‘அப்பா... அப்பாருவோட நம்பர் எங்கப்பா?’

எங்கே போனது? இங்கேதான் உங்களிடம் சொல்ல வேண்டிய விஷயம் வருகிறது. நம் பாட்டிகள் பணத்தை ஒரே இடத்தில் வைக்க மாட்டார்கள். கொஞ்சம் அரிசிப் பானையில், கொஞ்சம் சேலை மடிப்பில், கொஞ்சம் சாமி படத்துக்குப் பின்னால். விளையாட்டுகளும் அப்படித்தான். ‘வைஸ் சிட்டி’ தன் சேமிப்பை ‘மை டாக்குமென்ட்ஸ்’ உள்ளே வைக்கும். (அதை விளையாடியது மகன் அல்ல, நான். அவனுக்கு வயசு போதாது.) ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ இரண்டாம் பாகம், தான் குடியிருக்கும் ஃபோல்டருக்குள்ளேயே ‘சேவ்கேம்’ என்று ஒரு அறை வைத்திருக்கும். ‘மைன்கிராஃப்ட்’, சாதாரணமாகக் கண்ணில் படாத ‘ஆப்டேட்டா’ என்கிற மறைவு ஃபோல்டருக்குள் உலகங்களை ஒளித்து வைக்கும். பின்பால் இருக்கிறதே, அது சாமி படத்துக்குப் பின்னால்! விண்டோஸின் ‘ரெஜிஸ்ட்ரி’ என்கிற பெரிய பேரேட்டில் போய் எழுதி வைக்கிறது. ஃபோல்டரை எத்தனை தடவை காப்பி செய்தாலும் அது வராது. ரெஜிஸ்ட்ரியைத் திறந்து, அந்தப் பகுதியை மட்டும் ‘எக்ஸ்போர்ட்’ செய்து எடுத்து வர வேண்டும். சில கே.பி. இருக்கும், ரெண்டு நிமிஷ வேலை.

கடைக்கு போன் போட்டேன்.

‘அன்னைக்கே ஃபார்மட் பண்ணிட்டோமுங்க. கோழிப்பண்ணையில முட்டைக் கணக்கு எழுதறதுக்குன்னு ஒருத்தரு வாங்கிட்டுப் போயிட்டாரு.’

நாமக்கல்லில் வேறு எங்கே போகும்! 42 லட்சத்துக்குப் பதிலாக முட்டை.

அப்பாவிடம் சொன்னேன். கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார்.

‘ஏன்டா, பழைய நோட்டை எடைக்குப் போடறதுக்கு முன்னாடி, இருப்பைப் புது நோட்டுல ஏத்தியாச்சான்னு பாக்கோணுமில்ல? பி.காம்.ல இதைச் சொல்லிக் குடுக்கலையா?’

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. விளையாட்டை யார் வேண்டுமானாலும் திரும்ப வாங்கலாம், இறக்கலாம், இரவல் வாங்கலாம். அது கம்பெனி செய்தது. அந்த 42,17,750 அப்பா செய்தது. அந்த வலது கை இன்னொரு தடவை செய்ய முடியாதது. நான் எடுத்து வந்தது கம்பெனியுடையது. விட்டுவிட்டு வந்தது எங்களுடையது.

அன்று சாயங்காலம் மகன் ஸ்டூலை இழுத்துப் போட்டான். ‘அப்பாரு, நீங்க இடது பக்கம் அடிங்க, நான் வலது பக்கம் அடிக்கிறேன்’ என்றான். அப்பாவின் இடது கை இசட் பட்டனில். எட்டு வயசுக்காரனின் விரல் அந்தப் பக்கப் பட்டனில். முதல் நாள் குண்டு அவர்கள் இருவரையும் கேலி செய்தது. ‘இப்போ உன்னோடது!’, ‘இல்லீங்க அப்பாரு, உங்களோடது!’ என்று இரண்டு பேரும் மாறி மாறிக் கத்த, குண்டு நடுவில் போய்விடும். அந்த லீவு முடிவதற்குள் 19,63,500 அடித்தார்கள். பழையதில் பாதிகூட இல்லை. பெயர் அடிக்கிற இடத்தில் இரண்டு பேர் பெயரையும் சேர்த்து அடித்தான் மகன்.

அந்தக் கம்ப்யூட்டரும் கிழடாகிவிட்டது. நடுவில் விண்டோஸ் 10-க்கு மாறியது. 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு அதற்கும் ஆதரவு முடிந்தது. மகன் இப்போது காலேஜில் படிக்கிறான். அவனுக்கு ஒரு லேப்டாப் வாங்கினோம். பழையதிலிருந்து எதையெல்லாம் எடுக்க வேண்டும் என்று அவனே பட்டியல் போட்டான். சில விளையாட்டுகளுக்கு இந்தக் கவலையே இல்லையாம். ‘ஸ்டீம்’ 2008-லேயே, சேமிப்பை இன்டர்நெட்டில் வைத்துக்கொள்கிற ஏற்பாட்டைக் கொண்டுவந்துவிட்டது. எல்லா விளையாட்டுக்கும் அது கிடையாது, எது எது என்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்றான். மைன்கிராஃப்டில் அவன் பள்ளிக்கூட நாளில் கல் கல்லாக அடுக்கிய நாமக்கல் மலைக்கோட்டை, அந்த மறைவு ஃபோல்டருக்குள் இருந்தது. எடுத்துக்கொண்டான். கடைசியாக ரெஜிஸ்ட்ரியைத் திறந்து சாமி படத்துக்குப் பின்னால் கை விட்டான்.

எல்லாவற்றையும் பென் டிரைவில் போட்டுக்கொண்டு சேலத்துக்குக் கிளம்பும்போது, ‘அப்பாரு, இந்தப் பழசை எடுத்து மேல வெச்சுடட்டுங்களா?’ என்று கேட்டான்.

‘அது மேசையிலயே இருக்கட்டும் கண்ணு’ என்றார் அப்பா.

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய பெட்டி, எக்ஸ்சேஞ்ச் விளம்பரத்துக்காகக் காத்துக்கொண்டிருக்கலாம். அதைக் கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். காப்பி செய்ததோடு விடாதீர்கள். புதியதில் போட்டு, திறந்து, ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்கள். விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறதா என்று பாருங்கள். பெண் வரைந்த படம், மனைவி எழுதிவைத்த சீட்டுக் கணக்கு, அம்மா பேசி ரெக்கார்ட் செய்தது, எல்லாவற்றையும் அதே மாதிரி திறந்து பாருங்கள். அதுவரைக்கும் பழசு மேஜையை விட்டு நகர வேண்டாம். 1,500 ரூபாய் எங்கேயும் ஓடிவிடாது.

ராத்திரி ஒன்பது மணிக்குச் சேலத்தில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தோம். மகன் பட்டியலைத் திறந்தான். முதல் வரியைப் பார்த்தான். நாமக்கல்லுக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தான்.

‘அப்பாரு, எடுத்து வந்துட்டேனுங்க.’

‘எவ்வளவு காட்டுது?’

‘19,63,500.’

அந்தப் பக்கம் காகிதம் புரள்கிற சத்தம் கேட்டது. பழைய கம்ப்யூட்டரில் இருந்ததை எப்போது குறித்து வைத்தாரோ, தெரியாது.

‘டேலி ஆச்சு’ என்றார் அப்பா. ‘இனி அட்டாலிக்கு ஏத்தலாம்.’