தண்ணீருக்கும் வீட்டுக்கும் எழுத்து தந்த ஆசிரியர்

ஒடிசா மாநில அரசின் விடுமுறைப் பட்டியலில் புத்த பூர்ணிமை நாளுக்கு எதிரே இரண்டு பெயர்கள் காணப்படும். ஒன்று புத்தருடையது. மற்றொன்று பண்டிட் ரகுநாத் முர்முவினுடையது. மன்னரும் அமைச்சரும் அல்லாத இம்மனிதர் மயூர்பஞ்ச் வட்டாரத்தில் சிறுவர்களுக்குப் பாடம் சொன்ன பள்ளியாசிரியர். சந்தால் மக்கள் அவரைக் 'குரு கோம்கே' என்று அழைக்கின்றனர். பேராசான் என்பது அதன் பொருள். எழுத்தை ஆக்கியவர், நாடகாசிரியர், இலக்கணம் வகுத்தவர் எனப் பல சிறப்புகள் அவருக்கு உண்டு. அவற்றுள் ஆசிரியர் என்னும் ஒன்றையே அம்மக்கள் அவருக்குப் பெயராக்கிக்கொண்டனர்.

ரகுநாத் முர்மு 1905இல் ராய்ரங்பூரை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்தார். வீட்டில் பேசியது சந்தாலி. பள்ளியில் கற்பித்தது ஒடியா. நம் மொழியில் ஏன் பாடம் இல்லை என்று சிறுவயதிலேயே அவர் தம் தந்தையிடம் கேட்டதாக வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன. பழங்குடிப் பிள்ளைகள் பலர் பள்ளியின் முதல் நாளில் மனத்துக்குள் கேட்டு, விடை கிடைக்காமல் மறந்துபோகும் கேள்விதான் அது. அவர் அதனை மறக்கவில்லை.

அக்கேள்வி எத்துணை நுட்பமானது என்பதை ஒலியியல் வழியே உணரலாம். சந்தாலி ஆஸ்திரோ ஆசியக் குடும்பத்தின் முண்டா கிளையைச் சேர்ந்தது. அதில் தண்ணீருக்கு 'தாக்' என்றும் வீட்டுக்கு 'ஓடாக்' என்றும் பெயர். இவ்விரு சொற்களின் இறுதியில் உள்ளது தமிழரின் 'க்' அன்று. நா தொட்ட இடத்திலிருந்து விடுபடாமல் தொண்டைக்குள்ளேயே அடங்கிவிடும் ஒருவகை மெய் அது. இத்தகைய மெய்கள் சந்தாலியில் நான்கு உள்ளன. பின்னால் உயிரொலி வந்து சேர்ந்தால் அவை ஒலிப்புடை மெய்களாக மாறிவிடும். கிறித்தவச் சமயப் பணியாளர்கள் உரோமன் எழுத்தில் தனிக்குறியிட்டு இவ்வொலிகளைக் காட்டினர். ஆனால் அக்காலப் பள்ளிப் பிள்ளையின் கைக்கு வந்த ஒடியா நெடுங்கணக்கில் இவற்றுக்கென எழுத்து இல்லை. தண்ணீரையும் வீட்டையும் தன் வாய் சொல்லும் வண்ணம் எழுத இயலாத பிள்ளை, குறை தன் நாவில் உள்ளது என்றுதான் எண்ணும். குறை நெடுங்கணக்கில் இருக்கலாம் என்று எண்ணுவதற்கு ஓர் ஆசிரியர் வேண்டும்.

1925இல், ஏறத்தாழ இருபது வயதில், முர்மு 'ஓல் சிக்கி' எழுத்தை உருவாக்கினார். அதில் முப்பது எழுத்துகள். வரிசைக்கு ஐந்தாக ஆறு வரிசைகள். ஒவ்வொரு வரிசையின் தலையிலும் ஓர் உயிர். அடங்கும் மெய்க்கும் அதன் ஒலிப்புடை வடிவத்துக்கும் அவர் ஓரெழுத்தையே வைத்தார். சொல்லில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதே ஒலிப்பைத் தீர்மானிக்கும். 'கல்' என்பதிலும் 'தங்கம்' என்பதிலும் ககரம் வேறுவேறாக ஒலித்தும் ஒரே எழுத்தால் எழுதப்படுவதை அறிந்த தமிழருக்கு இம்முறையின் நியாயம் எளிதில் விளங்கும். இரண்டும் ஒன்றே என்று பேசுவோரின் மனம் கொள்ளும்போது எழுத்தும் அவ்வழியே செல்லலாம். மொழியியல் வகுப்பறை எதிலும் அமராத இளைஞர் தம் மக்களின் பேச்சைச் செவியால் கேட்டே இம்முடிவுக்கு வந்தார்.

1930களில் அவர் பாதாம்தோலியாவில் ஆசிரியப் பணி ஏற்றார். மரத்தில் எழுத்துகளைச் செதுக்கிக் கையால் இயக்கும் அச்சுப்பொறி ஒன்றையும் ஆக்கினார். 1940களின் நடுவில் பள்ளி வேலையைத் துறந்தாரேனும் கற்பித்தலைத் துறக்கவில்லை. ஊர் ஊராகச் சென்று எழுத்தைப் பரப்பினார். அவருடைய நூல்களின் வரிசையே ஒரு பள்ளியின் பாடத்திட்டம் போல் அமைந்திருக்கிறது. அரிச்சுவடியாக 'ஓல் செமேத்', கணக்குக்கு 'எல்கா', இலக்கணத்துக்கு 'ரோணோர்', மேடைக்கு 'பிது சந்தன்'. எழுத்தை ஆக்கியதோடு அவர் நிற்கவில்லை. அதனைக் கற்கும் பிள்ளை அடுத்து எதைப் படிக்கும் என்ற கவலை அவருக்கு இருந்தது. அது ஆசிரியருக்கே உரிய கவலை.

1982இல் அவர் மறைந்தார். 2003ஆம் ஆண்டின் 92ஆவது அரசியலமைப்புத் திருத்தம் சந்தாலியை எட்டாவது அட்டவணையில் சேர்த்தது. 2008இல் ஓல் சிக்கி யூனிகோடில் இடம்பெற்றது. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 73 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சந்தாலியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். அவர்கள் பல மாநிலங்களில் பிரிந்து வாழ்வதால் வங்காளம், தேவநாகரி, ஒடியா, உரோமன் எழுத்துகளும் இன்றுவரை வழக்கில் உள்ளன. எந்த எழுத்து பொதுவாக வேண்டும் என்னும் விவாதமும் ஓயவில்லை. அதில் எத்தரப்பை ஆதரிப்பவரும் முர்மு தொடங்கிய இடத்தை மறந்துவிடலாகாது. அவர் எழுத்தின் பெருமையிலிருந்து தொடங்கவில்லை. வகுப்பில் வாய்மூடி அமர்ந்திருந்த பிள்ளையிடமிருந்து தொடங்கினார்.

அட்டவணையில் மொழி சேர்வதும் கணினியில் எழுத்து சேர்வதும் பெரும்பேறுகளே. ஆனால் அவை வகுப்பறைக்குள் தாமாக நடந்து வரமாட்டா. வீட்டில் பேசும் மொழி ஒன்றும் பள்ளி மொழி வேறொன்றுமாகக் கல்வியைத் தொடங்கும் பிள்ளைகள் இந்நாட்டில் இன்றும் பலர். ஆண்டுதோறும் அப்பூர்ணிமை நாளில் குரு கோம்கேயின் சிலைக்கு மாலை விழுகிறது. மறுநாள் பள்ளி திறக்கும்போது, 'தாக்' என்று சொல்லும் பிள்ளையின் நாவைத் திருத்தாமல் அதன் கையில் எழுத்தை எடுத்துக் கொடுக்கும் ஆசிரியர் அங்கு நிற்பாரானால், அதுவே அவருக்குச் செய்யும் நினைவஞ்சலி.