ஒரு தூண், முப்பது கதவுகள்

புதுமனை புகுவிழா என்றதும் மாவிலைத் தோரணம், கணபதி ஹோமம், பொங்கி வழியும் பால், பிறகு வாழையிலைச் சாப்பாடு ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. தாமான் வீட்டுக்கு ஒரு வாசல். வாழ்வது ஒரு குடும்பம். வேண்டுதலும் அதற்கு மட்டுமே. ஒரே கூரையின்கீழ் முப்பது குடும்பங்கள் வாழும் வீட்டிற்கு யார் பால் காய்ச்சுவது? சரவாக்கின் இபான் மக்களிடம் இதற்கு விடை இருக்கிறது.

பல்கலைக்கழகத் தோழன் ஒருவனின் அழைப்பை ஏற்றுக் காவாய் விடுமுறையில் பெத்தோங் வட்டாரத்திலுள்ள அவனது நீண்ட வீட்டில் தங்கினேன். குடும்பத்திற்கு ஒரு 'பிலேக்', அதாவது தனி இருப்பிடம். எல்லாருக்கும் பொதுவாக வீட்டின் நீளத்திற்கு ஓடும் கூடம் 'ருவாய்'. அந்த ருவாயில் பாய் விரித்து அமர்ந்து, தோழனின் தாத்தா பழைய வழக்கங்களைச் சொன்னார். 'ஆக்கி' என்றுதான் அவரை நானும் அழைத்தேன். இபான் மொழியில் தாத்தாவுக்கு அதுவே பெயர்.

வீடு கட்டுமுன் பறவைக் குரல் கேட்பார்களாம். சகுனப் பறவைகள் ஏழு. அவற்றுக்கெல்லாம் மேலான தெய்வம் சிங்காலாங் புரோங், செம்பருந்தின் உருவில் தோன்றுவார் என்பது நம்பிக்கை. கும்பாபிஷேகத்தின்போது அண்ணாந்து பார்த்து, 'கருடன் வந்துவிட்டது' என்று நாம் கைகூப்புவதும் அதே பறவையைத்தான்! இதைச் சொன்னபோது ஆக்கி நெடுநேரம் சிரித்தார்.

அடுத்தது தூண். முதலில் நடப்படுவது 'தியாங் பெமுன்' எனும் மூலத்தூண். குழியில் படையல் வைத்து, சேவலின் இரத்தம் இட்டு அதை நிறுத்திய பிறகுதான் மற்றக் குடும்பங்களின் தூண்கள் எழும்பும். மரம் வளர்ந்தபோது அடியாக இருந்த பகுதி தூணிலும் கீழேதான் இருக்க வேண்டும். தலைகீழாக நட்டால் வீட்டாருக்கு நோய் வரும் என்பார்கள். படையல் தட்டுகளில் புளுட் அரிசிச் சோறு, நெற்பொரி, முட்டை, வெற்றிலை பாக்கு, புகையிலை. பக்கத்தில் துவாக் எனும் அரிசி மது. வெற்றிலை பாக்கும் பொரியும் நமக்கு அந்நியமா என்ன?

என்னை அதிகம் சிந்திக்க வைத்தது வேறொன்று. நலமாக உள்ள வீட்டை இபான்கள் 'குளிர்ந்த' வீடு என்கிறார்கள். ஒரு பிலேக்கில் ஒருவர் பெருந்தவறு செய்தால் அந்த அறை மட்டும் சூடாவதில்லை. வீடு முழுவதும் சூடாகிவிடுகிறது. குற்றம் செய்தவர் பரிகாரம் செய்து எல்லாருக்குமாக அதைக் குளிர்விக்க வேண்டும். அடுத்த வீட்டுக்காரரின் பெயர்கூடத் தெரியாமல் அடுக்குமாடியில் வாழும் நமக்கு இது விந்தையாகத் தோன்றலாம்.

என் பாட்டி வாழ்ந்த தோட்டத்து லயமும் பார்வைக்கு இப்படித்தான் இருந்தது. வரிசையாகக் கதவுகள், முன்னால் நீண்ட ஐந்தடி. பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிப்பார், வாசலில் கோலமிடுவார். ஆனால், அந்த லயத்தின் எந்தத் தூணையும் அங்கு வாழ்ந்தவர்கள் நட்டதில்லை. நட்டது நிர்வாகம். 31 ஆண்டுகள் இருந்த பின், தோட்டம் கைமாறியதும் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். ஒரே வரிசையில் வாழ்ந்தவர்கள் ஆளுக்கொரு திசையில் போனார்கள். இபான்களும் வீடு இழந்தவர்கள்தாம். 1985இல் கட்டி முடிக்கப்பட்ட பாத்தாங் ஆய் அணைக்காக இருபதுக்கும் மேற்பட்ட நீண்ட வீடுகள் இடம் பெயர்ந்தன. ஆயினும், தாங்கள் இழந்தது தாங்களே தூண் நட்ட வீடு என்று சொல்லிக்கொள்ள அவர்களால் முடிந்தது.

இப்போது இபான்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். பாதிரியார் செபம் செய்து திறந்து வைக்கும் நீண்ட வீடுகளும் உண்டு. பெலியான் மரத்தூணுக்குப் பதிலாகச் சிமெண்டுத் தூண்கள் வந்துவிட்டன. ஆக்கியின் வீடும் அப்படிப் புதிதாகக் கட்டப்பட்டதுதான். சிமெண்டுத் தூணுக்கு எது அடி, எது நுனி என்று கேட்டேன்.

"அது எங்களுக்கும் தெரியவில்லை. அதனால் குத்தகையாளரிடம் ஒரு குழியை மட்டும் காலையில் மூட வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். சேவல் வந்து சேர மதியம் ஆகிவிட்டது. லாரியில் சிமெண்டு இறுகிவிடும் என்று அவர் கத்திக்கொண்டே இருந்தார். முப்பது குடும்பமும் குழியைச் சுற்றி நின்றுகொண்டிருந்தோம்" என்றார்.