அசையாத முகம், அசையும் தலை

பங்குக் குடும்பங்களோடு வேளாங்கண்ணிக்குத் திருயாத்திரை புறப்பட்ட நாம், வழியில் தஞ்சையில் சற்றே இறங்கினோம். உடன் வந்த சிறுவன் ஒருவன் அங்கே தலையாட்டிப் பொம்மை ஒன்றை வாங்கினான். மண்ணாலும் காகிதக் கூழாலும் உருவாகும் தஞ்சைப் பொம்மைகள் 2008-09ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றவை. தலை, உடல், பாவாடை எனத் தனித்தனியே செய்து, ஒன்றின்மேல் ஒன்று கம்பியில் தாங்கி நிற்குமாறு அமைப்பதால், காற்றுப் பட்டாலே ஆடும்.

திருவாரூர், நாகப்பட்டினம் என வயல்வெளிகளைக் கடந்து பேருந்து செல்லுகையில் சிறுவன் கேட்டான்: "சாமி, இதோட மூஞ்சி மாறவே இல்லையே! அப்புறம் எப்படி ஒரு நேரம் சிரிக்கிற மாதிரியும் ஒரு நேரம் அழுவுற மாதிரியும் இருக்கு?"

பங்கின் சிறுவர்களுக்கு நாம் முன்பு காட்டிய களிமண் திரைப்படம் நினைவுக்கு வந்தது. களிமண் உருவத்தைச் சிறிது அசைத்து ஒரு படம். மீண்டும் சிறிது அசைத்து மற்றொரு படம். இவ்வாறு எடுத்தவை வினாடிக்கு 24 வீதம் ஓடும்போது மண் உயிர் பெறுகிறது. இங்கிலாந்தின் நிக் பார்க் 1989இல் திரைக்குக் கொணர்ந்த கிராமிட் என்னும் நாய்க்கு வாயே கிடையாது. புருவம் நூலளவு உயர்ந்தால் ஐயம், தாழ்ந்தால் கவலை, காதுகள் தளர்ந்தால் துயரம். பேசாத அந்த நாயின் உள்ளத்தைக் குழந்தைகளும் படித்துவிடுகின்றனர்.

"தலை சாயும் விதமும் பேசும், தம்பி" என்றோம். பாடம் சொன்ன நாமே அன்று மாலை பாடம் கற்க நேர்ந்தது.

1962இல் பசிலிக்காவாக உயர்த்தப்பெற்ற பேராலயத்தருகே, மாதா குளத்துக்குச் செல்லும் மணற்பாதையில் பக்தர்கள் முழந்தாளிலேயே நகர்ந்து செல்வதை வாசகர்கள் அறிவீர்கள். அச்சிறுவனின் தாயும் அவ்வாறே சென்றார். கணவரின் அடக்கத் திருப்பலியிலும் கண்ணீர் சிந்தாதவர் அவர். 'மனம் கல்லாயிற்றோ' என்று எண்ணிய நாம், ஆறுதல் சொல்ல ஒருமுறைக்குமேல் அவ்வில்லம் சென்றதில்லை.

இப்போதும் முகம் மாறவில்லை. ஆனால், பத்தடிக்கு ஒருமுறை நின்றார். தோள்கள் தளர்ந்தன. உடன் வரும் துணைவரைத் தேடுவதுபோல் தலை மெல்ல வலப்பக்கம் சாய்ந்தது. பின் நிமிர்ந்து, மீண்டும் நகர்ந்தார்.

சிறுவன் பொம்மையை நம் கையில் கொடுத்துவிட்டு ஓடினான். தாயின் வலப்பக்கத்திலேயே முழந்தாளிட்டான்.

ஈராண்டாக நாம் படிக்கத் தவறியதை அவன் படித்துவிட்டான். மண்ணால் மனிதனை வனைந்த இறைவன், சிலருக்குக் கண்ணீரைக் கண்ணில் வைக்காமல் தோளில் வைக்கிறார் போலும். நம் இல்லங்களிலும் அழாத முகங்கள் உண்டு. சோற்றைப் பிசைந்தபடியே நின்றுவிடும் கையையும், வாசலில் தயங்கும் காலையும் கவனிப்போம்.

அன்றிரவு பொம்மை நம்மிடமே தங்கிவிட்டது. ஊர் திரும்பிய மறுநாள், அதைக் கொடுப்பதற்காக அவ்வில்லத்தின் கதவைத் தட்டினோம். நெடுநேரம் அமர்ந்திருந்தே திரும்பினோம்.