கண்ணுல படுறது வேற, கண்டுக்கறது வேற

பிளேஸ்மென்ட் வெர்பல் பயிற்சியில் கட்டாயம் தலைகாட்டும் ஒரு வார்த்தை 'கான்ஸ்பிக்யூவஸ்'. அர்த்தம் கேட்டா, "எளிதில் கண்ணில் படக்கூடிய"ன்னு தூக்கத்துலயும் சொல்லுவீங்க. சரிதான். ஆனா அதை மட்டும் வெச்சு வாக்கியம் எழுதினா மாட்டிப்பீங்க. இந்த வார்த்தைக்குப் பாராட்டவும் தெரியும், நக்கலடிக்கவும் தெரியும்.

தமிழ்ல இதுக்கு மூணு சொல் இருக்கு. கலர் பொருந்தினா 'எடுப்பா இருக்கு'. புதுசா பெயின்ட் அடிச்ச சுவர்னா 'பளிச்சுனு இருக்கு'. இடத்துக்குப் பொருந்தலைன்னா 'துருத்திக்கிட்டு நிக்குது'. இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச எனக்கு இதை எடுத்துக் கொடுத்தது நாவலூர்ல இருக்கிற சித்தி. ஆங்கிலத்துல மூணு இடத்துக்கும் இந்த ஒரே வார்த்தை வரலாம். எதுன்னு வாக்கியத்தை வெச்சுதான் முடிவு பண்ணணும். 1899-ல் தோர்ஸ்டீன் வெப்லன் எழுதிய 'கான்ஸ்பிக்யூவஸ் கன்சம்ப்ஷன்', ஊர் பார்க்கணும்னே செய்யற செலவு. நம்ம பாஷையில பந்தா.

இதே வார்த்தை கடல்ல ரொம்ப சீரியஸ். கடல்லேர்ந்து தெளிவா தெரியற கோபுரம், புகைபோக்கி பக்கத்துல கடல் வரைபடங்கள்ல 'கான்ஸ்பிக்'னு சுருக்கமா குறிப்பாங்க. அதை வெச்சு மாலுமி தன் கப்பல் எங்க நிக்குதுன்னு கணக்குப் போடுவார். ஓ.எம்.ஆர்-ல தெற்கே போனா வர்ற மாமல்லபுரத்தை ஐரோப்பிய மாலுமிகள் 'ஏழு பகோடா'ன்னு கூப்பிட்டாங்க. கடல்லேர்ந்து பார்க்கறவங்களுக்கு ஊரோட அடையாளமே கோயில்தான்.

இப்போ நாவலூருக்கே வாங்க. விடியறதுக்கு முன்னாடி ரோடு பெருக்கறவங்க போட்டிருக்கும் ஜாக்கெட்டைப் பார்த்திருப்பீங்க. அதுல இருக்கிற பட்டை, ஹெட்லைட் வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். அதனாலதான் தூரத்துலயே டிரைவர் கண்ணுக்கு மின்னுது. உயிரைக் காப்பாத்தற கான்ஸ்பிக்யூவஸ் இதுதான்.

சித்தி அந்த ஜாக்கெட் போட்டுதான் வேலைக்குப் போறாங்க. "வண்டிக்காரனுக்கு என்னைத் தெரியுதுல்ல, அது போதும்டா"ன்னு சொல்லுவாங்க.

எனக்கு அது போதல. வண்டிங்க ஒதுங்கிப் போகுது. ஆனா உள்ள இருக்கிற முகத்தை யாரும் பார்க்கறதில்ல. கான்ஸ்பிக்யூவஸ்ங்கறது பொருளோட குணம். கண்டுக்கறது பார்க்கிறவங்க செய்ய வேண்டிய வேலை. எந்தப் பட்டையும் அதைச் செஞ்சு தராது.

நாளைக்குக் காலைல காலேஜ் பஸ்ஸுக்கு நிக்கும்போது பக்கத்துல அந்த ஜாக்கெட் தெரிஞ்சா, "டீ சாப்பிட்டீங்களாக்கா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. அது எங்க சித்தியாகவும் இருக்கலாம்.